வரைபடம் இருந்தால் கட்டடம் திரும்பி வருமா?

2017 ஏப்ரலில் தில்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக் கூடம் இடித்துத் தள்ளப்பட்டது. 1972இல் கட்டிடக்கலைஞர் ராஜ் ரேவலும் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜும் கான்கிரீட்டில் எழுப்பிய முப்பரிமாணச் சட்டகம் அது. 2020 டிசம்பரில் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம், அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் லூயி கான் வடிவமைத்த 18 மாணவர் விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2021 ஜனவரி முதல் நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் பாரிஸின் நோத்ர தாம் பேராலயம், 2019 தீயில் எரிந்து விழுந்த கூர்முடிக் கோபுரம் உட்பட, பழைய தோற்றத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது.

இந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. ராஜ் ரேவலின் வரைபடங்களும் மாதிரிகளும் பாரிஸின் பொம்பிடு மையத்தில் இருக்கின்றன. லூயி கானின் வரைபடங்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நோத்ர தாமுக்கும் வரைபடங்கள் இருந்ததால்தானே திரும்பக் கட்ட முடிந்தது? அப்படியானால் வரைபடம் பத்திரமாக இருக்கும்வரை கட்டடம் முழுதாக அழிவதில்லை என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. ‘வரைபடம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வேலைக்காக வரையப்பட்ட, வெவ்வேறு அளவுக்கு நம்பத்தக்க பல பொருள்கள் அடங்கியிருப்பதே குழப்பத்துக்குக் காரணம். அவற்றில் கண்ணைக் கவரும் படம் எப்படியோ தப்பிப் பிழைத்துவிடுகிறது. கட்டுவதற்கு உதவும் படமோ பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது.

எத்தனை வகைப் படங்கள்?

ஒரு கட்டடத்துக்காக வரையப்படுபவற்றைக் கீழ்க்காணுமாறு பிரித்துக்கொள்ளலாம்.

1. முதற்கோட்டுப் படம், அதாவது ஸ்கெட்ச். கட்டிடக்கலைஞர் தனக்குத்தானே யோசித்துக்கொள்ளப் பென்சிலால் கிறுக்குவது. அளவு இருக்காது, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு யோசனைகள் இருக்கலாம்.

2. தளப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம். தளப்படம் என்பது நாம் ‘பிளான்’ என்பது: சுவர்களைக் கிடையாக அறுத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் தெரியும் உருவம். முகப்புப்படம் கட்டடத்தின் ஒரு பக்கத்தை நேருக்கு நேராகக் காட்டும். வெட்டுப்படம், கட்டடத்தைச் செங்குத்தாகப் பிளந்தால் உள்ளே தெரிவதைக் காட்டும். இம்மூன்றிலும் எல்லா நீளங்களும் ஒரே விகிதத்தில் சுருக்கப்படுவதால், தாளில் ஒரு அங்குலம் என்பது படத்தின் எந்த மூலையிலும் ஒரே நீளத்தைத்தான் குறிக்கும்.

3. வேலைப் படங்கள், ‘ஒர்க்கிங் டிராயிங்’ என்று தளத்தில் சொல்லப்படுபவை. கம்பி எத்தனை, ஜன்னல் சட்டம் சுவரில் எப்படிப் பொருந்துகிறது, மழைநீர் எங்கே வடிகிறது என்பதையெல்லாம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் சொல்லும் நூற்றுக்கணக்கான தாள்கள்.

4. தூரக்காட்சிப் படம், அதாவது ‘பெர்ஸ்பெக்டிவ்’. ஒரு மனிதர் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் கட்டடம் எப்படித் தெரியும் என்பதைக் காட்டுவது. மரங்கள், மேகங்கள், குடை பிடித்து நடக்கும் பெண்கள் எல்லாம் இடம்பெறுவது இதில்தான்.

நம் ஊரில் வீடு கட்டுபவர்கள் பொறியாளரிடம் ‘எலிவேஷன் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்கும்போது பெரும்பாலும் அவர்கள் கேட்பது முகப்புப்படத்தை அல்ல, நான்காவது வகையான வண்ணப் படத்தை. இந்தச் சொல் மயக்கம் தற்செயலானதன்று. படிக்கப் பயிற்சி தேவைப்படாத படம் அது ஒன்றுதான். அதனால் மற்ற எல்லாப் படங்களின் பெயரும் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது.

அளக்க முடியாத படம்

தூரக்காட்சியின் அடிப்படை எளியது. நேராகச் செல்லும் ரயில் தண்டவாளங்களின் நடுவே நின்று பார்த்தால், இணையாக ஓடும் இரண்டு இரும்புப் பட்டைகளும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தெரிகின்றன. அந்தப் புள்ளி மறைபுள்ளி; அது பார்ப்பவரின் கண்மட்டத்தில் அமைகிறது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபிளாரன்ஸ் நகரின் கட்டிடக்கலைஞர் புருனெலெஸ்கி இதைச் செய்து காட்டினார். 1435இல் லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி ஓவியர்களுக்காக அதை முறைப்படி எழுதிவைத்தார்.

இதே அல்பெர்த்திதான் கட்டடக்கலை பற்றிய தமது நூலில் கட்டிடக்கலைஞர்கள் இந்த முறையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கிறார். நிழலும் குறுகும் கோடுகளும் ஓவியனுடைய கருவிகள். கட்டிடக்கலைஞனோ கோணங்களையும் நீளங்களையும் உள்ளபடியே காட்டும் தளப்படத்தையும் மாதிரியையும் கொண்டே பேச வேண்டும் என்பது அவர் வாதம். தூரக்காட்சியின் இலக்கணத்தை எழுதியவரே அதன் எல்லையையும் குறித்துவைத்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி.

அவருடைய தயக்கத்துக்கு வடிவியல் சார்ந்த காரணம் உண்டு. தூரக்காட்சியில் அருகிலுள்ள தூண் பெரிதாகவும் தொலைவிலுள்ள அதே அளவுத் தூண் சிறிதாகவும் தெரிவதால், படத்தின்மேல் அளவுகோலை வைத்து எதையும் நேரடியாக அளக்க முடியாது. பார்ப்பவர் நின்ற இடமும் கட்டடத்தின் ஒரு நீளமாவது உறுதியாகவும் தெரிந்தால் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சில அளவுகளைப் பெறலாம். புகைப்படங்களிலிருந்து அளவெடுப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கேமரா பொய் சொல்வதைவிடக் கை எளிதாகப் பொய் சொல்லும். வரைபவர் ஒரு கோபுரத்தைச் சற்றே ஒல்லியாக்கலாம், எதிரே நிற்கும் அசிங்கமான கட்டடத்தை விட்டுவிடலாம், நிற்க முடியாத இடத்தில் தம் கண்ணை வைக்கலாம். கணக்கு சரியாகவே இருந்தாலும் கண் வைத்த இடம் பொய்யாக இருந்தால் படம் ஏமாற்றும்.

ரைசினா குன்றில் நடந்தது

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே இருக்கிறது. புதுதில்லியின் அரசமாளிகையை, இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை, வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதற்கு முன்னால் இருபுறமும் நிற்கும் தலைமைச் செயலகங்களை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். மாளிகையும் செயலகங்களும் குன்றின் உச்சியில் ஒரே மட்டத்தில் அமைவது என்று முடிவானதால், மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. கீழேயிருந்து மேலேறும் சாலையின் சரிவும் 1913-14 காலத்திலேயே வகுக்கப்பட்டது. லட்யன்ஸ் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்போது வரையப்பட்ட தூரக்காட்சிப் படத்தில் மாளிகையின் முகப்பு செயலகங்களுக்கு நடுவே கம்பீரமாகத் தெரிந்தது. படத்தில் கண் வைக்கப்பட்ட இடம் சாலையில் நடப்பவரின் கண்மட்டமன்று, அதைவிட உயரமானது. வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான், சாலையில் நெருங்கி வருபவருக்குச் சரிவின் முகடு மாளிகையை மறைத்துவிடும் என்பது லட்யன்ஸுக்கு முழுதாக உறைத்தது. சரிவை மாற்ற வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை, நகரக் கட்டுமானத்தைக் கவனித்த குழு 1916இல் நிராகரித்தது. இரண்டு நண்பர்களும் பல ஆண்டுகள் பேச்சற்றுப் போனார்கள். தமக்கு நேர்ந்ததை நெப்போலியனின் வாட்டர்லூ தோல்வியோடு சேர்த்து ‘பேக்கர்லூ’ என்று லட்யன்ஸ் கசப்போடு குறிப்பிட்டார். இன்றும் விஜய் சௌக்கில் நின்று பார்ப்பவருக்கு மாளிகையின் குவிமாடம்தான் மிதப்பதுபோலத் தெரிகிறது.

ஒரு வெட்டுப்படம், அதாவது குன்றைச் சாலையின் நடுக்கோட்டில் பிளந்து, விஜய் சௌக்கில் நிற்கும் மனிதரின் கண்ணிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்த படம், இந்தச் சிக்கலை ஒரு மணி நேரத்தில் காட்டியிருக்கும். லட்யன்ஸ் போன்ற ஒருவரையே தூரக்காட்சி மயக்கியது என்றால் வீடு வாங்குபவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டியவருக்கு அதன் 12ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. கட்டுவது எதன்படி என்று வரும்போது 14ஆம் பிரிவு அனுமதி பெற்ற வரைபடத்தையே பிடித்துக்கொள்கிறது. வண்ணக் கையேட்டின் நீச்சல் குளம் ஒரு வகை ஆவணம், அனுமதி பெற்ற பிளான் இன்னொரு வகை ஆவணம்.

வரைந்த கை யாருடையது?

காப்பகத்தில் ஒரு கட்டிடக்கலைஞரின் பெயரில் இருக்கும் தூரக்காட்சிப் படத்தை அவரே வரைந்திருப்பார் என்று கொள்ளக் கூடாது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இதற்கென்றே தனித் தொழில்முறை ஓவியர்கள் இருந்தார்கள். லண்டனில் சர் ஜான் சோன் வடிவமைத்த கட்டடங்களை ஜோசப் கேண்டி நீர்வண்ணத்தில் வரைந்தார். சோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தைக் கூரையில்லாமல், மேலிருந்து பார்க்கும் இடிபாடுபோல, கேண்டி 1830இல் வரைந்த படம் புகழ்பெற்றது. அது வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 1920களில் தொடங்கிய மறுகட்டுமானத்தில் சோனின் உட்கூடங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டு வெளிச்சுவர் மட்டும் எஞ்சியது. அந்த மறுகட்டுமானத்தை வடிவமைத்தவரும் ஹெர்பர்ட் பேக்கரே.

அமெரிக்காவின் மேரியன் மஹோனி கதை வேறு மாதிரியானது. கட்டிடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய 1910ஆம் ஆண்டின் வாஸ்முத் படத்தொகுப்பில் கணிசமான படங்கள் மஹோனி வரைந்தவற்றை அடிப்படையாகக் கொண்டவை. மரக்கிளைகளும் இலைகளும் கட்டடத்தின் விளிம்பைச் சுற்றிப் படரும் அந்தப் பாணியை உலகம் ரைட்டின் பாணியாகவே நீண்ட நாள் அறிந்திருந்தது. பின்னர் கணவர் வால்டர் பர்லி கிரிஃபினுடன் சேர்ந்து அவர் ஆஸ்திரேலியத் தலைநகருக்கான போட்டியில் கலந்துகொண்டார். 1912இல் வென்ற அந்தத் திட்டத்துக்காக அவர் தீட்டிய பெரிய படங்கள் இன்று ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. கான்பெராவில் அவர்கள் திட்டமிட்ட கட்டடங்களில் மிகப் பல எழவேயில்லை; படங்களில் அவை இருக்கின்றன. கிரிஃபின் 1930களின் நடுவில் லக்னோவுக்கு வந்து, 1937இல் அங்கேயே இறந்தார்.

வரைந்தவர் யார் என்பது பெருமை சார்ந்த வழக்கு மட்டுமன்று. படத்தில் உள்ள ஒரு கொடி, ஒரு நிழல், ஒரு வண்ணம் ஆகியவை வடிவமைத்தவரின் தீர்மானமா, வரைந்தவரின் அழகுணர்ச்சியா என்று தெரியாமல் அதைக் கட்டடத்தின் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

காப்பகத்துக்கு எது வந்து சேர்கிறது?

ஆவணக்காப்பகம் என்றால் திட்டமிட்டுச் சேர்த்த இடம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. கட்டடப் படங்களைப் பொறுத்தவரை அவற்றின் வரலாறு பெரும்பாலும் தற்செயல்களின் வரலாறு.

ஸ்விட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடாலய நூலகத்தில், ஐந்து தோல்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு மடாலயத் தளப்படம் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அது அப்படியே எங்கும் கட்டப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அதன் பின்பக்கத்தில் புனித மார்ட்டினின் வரலாற்றை எழுதி மடித்துவைத்தார். அதன்பின் அது ஒரு நூலாகக் கருதப்பட்டு நூலகத்தில் தங்கியது. தளப்படமாகவே இருந்திருந்தால் தங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

ஜான் சோன் இதற்கு விதிவிலக்கு. 1833இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் தம் வீட்டையும் தொகுப்பையும் இயன்றவரை இருந்தபடியே காக்க ஏற்பாடு செய்துவிட்டு 1837இல் இறந்தார். இன்று அங்கே ஏறத்தாழ 30,000 கட்டடக்கலைப் படங்கள் உள்ளன. லூயி கான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்தபோது அவருடைய அலுவலகம் பெருங்கடனில் இருந்தது. தொகுப்பு துண்டு துண்டாக விற்கப்படும் நிலையில் பென்சில்வேனியா மாநிலமே அதை விலைக்கு வாங்கிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வைத்தது. அதனால்தான் அகமதாபாத் விடுதிகளைப் பற்றிய ஆய்வுக்கு ஃபிலடெல்ஃபியா போக வேண்டியிருக்கிறது. இந்தியக் கட்டிடக்கலைஞர் சார்லஸ் கொரியாவும் 2013இல் 6,000-க்கும் மேற்பட்ட வரைபடங்களைக் கொண்ட தம் தொகுப்பை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் கட்டிடக்கலைஞர்களின் அரச நிறுவனத்துக்குக் கொடுத்தார். புதுச்சேரி கோல்கொண்டே விடுதியை வடிவமைத்த அன்டோனின் ரேமண்டின் தொகுப்பும் பென்சில்வேனியாவிலேயே இருக்கிறது. இந்தியாவின் நவீனக் கட்டடங்களைப் படிக்க விரும்பும் இந்திய மாணவருக்கு விசா தேவைப்படுவது நகைப்புக்குரிய நிலை; ஆனால் குளிரூட்டிய அறையும் நிரந்தர நிதியும் இங்கே யார் தருவார்கள் என்று கேட்டால் கொடுத்தவர்களைக் குறை சொல்லவும் நா எழாது.

தற்செயலுக்கு அடுத்தபடி எது பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தோற்றம். அலுவலகம் மூடப்படும்போது சட்டமிட்டு மாட்டக்கூடிய தூரக்காட்சிப் படத்தை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். ஏல நிறுவனங்களும் அதைத்தான் கேட்கின்றன. மேதையின் கைப்பட்ட முதற்கோட்டுப் படத்துக்கும் விலை உண்டு. மழைநீர்க் குழாயின் வேலைப் படத்தை வாங்க ஆளில்லை. மேலும், வேலைப் படங்கள் தளத்துக்குப் போய்ச் சிமென்ட் தூசியிலும் மழையிலும் கிழிந்து முடிபவை. ஓர் ஏலத்தில் அழகிய ஒரு படம் தனியே பிரிந்து போகும்போது தொகுப்பு ஒரு தாளை மட்டும் இழக்கவில்லை. அந்தப் படம் எந்தக் கடிதத்துக்குப் பதிலாக, எந்தத் தளப்படத்துக்குப் பின், எந்தச் செலவுக் குறைப்புக்கு முன் வரையப்பட்டது என்ற வரிசை அறுந்துவிடுகிறது. அந்த வரிசை இல்லாமல் படம் ஓவியமாகிவிடும்.

காகிதம் எவ்வளவு காலம் தாங்கும்?

பிழைத்து வந்தவையும் நிலையாக இருப்பதில்லை.

1. நீலப்படி. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த, இரும்பு உப்புகளைக் கொண்டு படியெடுக்கும் முறை. ‘புளூபிரின்ட்’ என்ற சொல் இதிலிருந்து வந்தது. இந்த நீலம் ஒளியில் வெளிறும், காரத்தில் நிறமிழக்கும். ஆவணங்களைக் காக்கப் பொதுவாகப் பயன்படும் காரம் சேர்த்த உறைகளே இதற்கு நஞ்சு. தவிர, நனைத்துக் கழுவிக் காயவைத்த தாள் சமமாகச் சுருங்காது. வரைபடங்களின் மூலையில் ‘அளவுகோலால் அளக்காதே, எழுதிய அளவையே கொள்’ என்ற எச்சரிக்கை இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. டிரேசிங் தாளும் துணியும். ஒளி ஊடுருவுவதற்காகப் பதப்படுத்தப்பட்ட தாள் நாளடைவில் அப்பளம்போல் நொறுங்கும். கஞ்சி போட்ட டிரேசிங் துணியின் கஞ்சி ஈரத்தில் கரையும். வெள்ளிப்பூச்சி அதைத் தின்னும்.

3. அம்மோனியா படி. 20ஆம் நூற்றாண்டில் நீலப்படியை அகற்றி வந்த இந்த மலிவான படி மங்குவதோடு, தான் வெளியிடும் வேதிப்பொருள்களால் பக்கத்துத் தாள்களையும் கெடுக்கும். அதனால் தனியே பிரித்துவைக்க வேண்டும்.

4. கரிக்கோல், பாஸ்டல். நெகிழியுறையில் வைத்தால் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும்.

காப்பகங்கள் பொதுவாக 20 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட வெப்பத்தையும் 35 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தையும் நாடுகின்றன. சென்னையில் ஆண்டின் பல மாதங்கள் ஈரப்பதம் 70ஐத் தாண்டி நிற்கும். கணினிக் காலத்துப் படங்கள் இந்தத் தொல்லைகளிலிருந்து தப்பினாலும் வேறொன்றில் மாட்டிக்கொண்டன. கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 1982இல் வந்தது. அக்காலக் கோப்பைத் திறக்க அக்கால மென்பொருளும், சில நேரம் அக்கால இயந்திரமும் வேண்டும். மான்ட்ரியாலிலுள்ள கனடியக் கட்டடக்கலை மையம் இதற்கெனவே 2013இல் தனி ஆய்வுத் திட்டத்தை வெளிக்கொணர்ந்தது.

படத்திலிருந்து எழுந்த கட்டடங்கள்

இனி முதற்கேள்விக்கு வரலாம். படத்தை வைத்துக் கட்டியதுண்டா? உண்டு. ஒவ்வொன்றிலும் எந்த வகைப் படம் கைகொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1. கொலோன் பேராலயம். 1248இல் தொடங்கி 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோன வேலை. மேற்கு முகப்புக்காக 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோலில் வரைந்த, சுமார் 4 மீட்டர் உயரமுள்ள படம் பிரெஞ்சுப் படையெடுப்புக் காலத்தில் காணாமற்போனது. அதன் ஒரு பாதி 1814இல் டார்ம்ஷ்டாட் நகரிலும் மறுபாதி 1816இல் பாரிஸிலும் கிடைத்தன. 1842இல் மீண்டும் தொடங்கிய வேலை 1880இல் அந்தப் படத்தின்படி முடிந்தது. அது நேர்முகப்புப்படம், தூரக்காட்சியன்று. கோடுகள் உண்மையான விகிதத்தில் இருந்ததால்தான் 600 ஆண்டுகளுக்குப் பின்னும் கல்தச்சர்களுக்குப் பயன்பட்டது.

2. கலைரசிகரின் இல்லம், கிளாஸ்கோ. 1901இல் ஒரு ஜெர்மானிய இதழ் நடத்திய போட்டிக்கு சார்லஸ் ரென்னி மேக்கின்டாஷ் தம் மனைவி மார்கரெட் மக்டொனால்டுடன் சேர்ந்து அனுப்பிய வடிவமைப்பு. கேட்ட எண்ணிக்கையில் உட்புறத் தூரக்காட்சிப் படங்கள் இல்லை என்பதால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் சிறப்புப் பரிசு பெற்றது. 1989இல் தொடங்கி 1996இல் இது உண்மையாகவே கட்டி முடிக்கப்பட்டது. இசைக்கூடம் போன்று அவர் உட்புறக் காட்சியாக வரைந்த அறைகள் படத்துக்கு நெருங்கி வந்துள்ளன. வரையாமல் விட்டவற்றைப் பிற்காலத்தவர் ஊகித்தே நிரப்ப வேண்டியிருந்தது. வேலைப் படங்களே இல்லாத இந்த வீட்டை மேக்கின்டாஷின் கட்டடம் என்பதைவிட, அவரைப் படித்தவர்களின் கட்டடம் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

3. நான்கு சுதந்திரப் பூங்கா, நியூயார்க். லூயி கான் இறப்பதற்கு முன் வடிவமைத்து, நகரின் நிதி நெருக்கடியால் நின்றுபோன நினைவிடம். 38 ஆண்டுகள் கழித்து 2012இல் திறக்கப்பட்டது. இங்கே வடிவமைப்பு பெரும்பாலும் முற்றுப்பெற்றிருந்தது. அமைப்பும் எளிது, திறந்தவெளியும் கருங்கல்லும்தான். அகமதாபாத் விடுதிகளைப் போன்ற ஒன்றை இப்படி எழுப்ப முடியுமா என்பது வேறு கேள்வி. அங்கே நிர்வாகம் சுட்டிய சிக்கல்கள் 2001 நிலநடுக்கத்தின் விரிசல்களும் செங்கல்லின் சிதைவும். செங்கல் எந்தச் சூளையில் எவ்வளவு வெந்தது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அதே வளாகத்தில் இருக்கும் நூலகம் இடிக்கப்படாமல் பழுதுபார்க்கப்பட்டு 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது பெற்றது.

4. நோத்ர தாம். எரிந்து விழுந்த கூர்முடி இடைக்காலத்ததன்று. கட்டிடக்கலைஞர் வியோலே-லெ-டுக் 1859இல் கட்டி முடித்தது. எனவே அவருடைய 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் காப்பகத்தில் இருந்தன. இடைக்கால ஓக் மரக்கூரைக்கோ கட்டியவர்களின் படம் எதுவும் இல்லை. அதைக் காப்பாற்றியது, 2014இல் இரண்டு கட்டிடக்கலைஞர்கள் கூரைக்குள் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் கையால் அளந்து வரைந்த படங்களும், கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் எடுத்திருந்த லேசர் அளவைகளும். வடிவமைத்தவரின் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அளந்தவரின் படம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். கட்டும்போது தளத்தில் மாற்றாத கட்டடமே இல்லை என்பதால், இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது.

5. ஏனா டி சில்வா வீடு, இலங்கை. இலங்கைக் கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. நிலம் கைமாறியதால் இடிபடும் நிலையில், 2009 தொடங்கி முழுதும் அளந்து, கதவு, தூண், ஓடு, கல் என்று எண்ணிட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள அவருடைய லுனுகங்கா தோட்டப் பகுதிக்குக் கொண்டுபோய் மீண்டும் பொருத்தினார்கள். பாவாவின் அலுவலகப் படங்கள், ஒவ்வொரு மரத்தையும் இலையிலையாக வரைந்த நேர்த்திக்காகப் பேர்பெற்றவை. ஆனாலும் இந்த வீட்டை மீட்டது படத்தின் நேர்த்தியன்று, பழைய பொருள்களைத் தூக்கியெறியாமல் வைத்திருந்ததே.

சட்டம் என்ன சொல்கிறது?

தாளின் உரிமையும் அதில் உள்ள வடிவமைப்பின் உரிமையும் வேறுவேறு. காப்பகம் தாளை வைத்திருக்கலாம்; பதிப்புரிமை கட்டிடக்கலைஞரிடமோ வாரிசுகளிடமோ இருக்கலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அது படைப்பாளியின் வாழ்நாளோடு அவர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆயினும் மறுகட்டுமானத்துக்கு ஒரு வழியை அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கட்டடம் முதலில் எந்த வரைபடங்களின்படி உரிய இசைவோடு கட்டப்பட்டதோ, அதே படங்களின்படி அதைத் திரும்பக் கட்டுவது உரிமை மீறலாகாது என்று 52ஆம் பிரிவு கூறுகிறது.

அதாவது திரும்பக் கட்டுபவருக்குத் தடையில்லை. திரும்பக் கட்டுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியுமா என்பது வேறு. ஹால் ஆஃப் நேஷன்ஸ் 60 ஆண்டு நிறையாத கட்டடம் என்பதால் அதற்குப் பாரம்பரியத் தகுதி மறுக்கப்பட்டிருந்தது. இடிக்கப்பட்ட பின் ராஜ் ரேவல், படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் படைப்பாளிக்கு 57ஆம் பிரிவு தரும் தனியுரிமையைச் சுட்டி, அதே இடத்திலோ அதற்கிணையான வேறிடத்திலோ தம் மேற்பார்வையில் அதைக் கட்டித்தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2019 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரியவர் அதை முழுதாக இடிப்பதைக் கட்டிடக்கலைஞர் தடுக்க முடியாது. பாதி சிதைத்துவிட்டு அவர் பெயரில் நிறுத்திவைத்தால் அவருக்கு இழுக்கு நேரலாம், முழுதும் மறைந்துபோனதில் பார்த்து இழுக்கடைய ஒன்றுமில்லை என்ற வழியில் தீர்ப்பு சென்றது. வடிவமைப்பு அவருடையது, அதன்படி வேறெங்கும் கட்டிக்கொள்ள அவருக்குத் தடையில்லை என்பதும் அந்தத் தருக்கத்தின் ஒரு பகுதிதான்.

பிரகதி மைதான வளாகத்தில் 2023 ஜூலையில் பாரத மண்டபம் திறக்கப்பட்டது.